ஊசி மெய்யா, மாத்திரை மெய்யா

ஏசுவதற்கு எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை, மூச்சுக்குத்தான் பஞ்சம். ஆஸ்துமாக்காரியின் ஏச்சு பாதியில் நின்றுவிடும். இது என் கணவருக்கு நன்றாகத் தெரியும். எதிர்த்துப் பேசாமல், எனக்கு மூச்சு வாங்கும்வரை காத்திருந்தே எல்லாச் சண்டையிலும் ஜெயித்துவிடுவார்.

சேரன்மகாதேவியில் எங்கள் வயலில் அறுவடை மெஷின் இறங்கினால், அந்தத் தூசிக்கு எனக்கு இழுப்பு வந்துவிடும். மாத்திரை போட்டால் இழுப்பு அடங்கும், சர்க்கரை ஏறும். கொஞ்ச நாளில் இழுப்பு திரும்பி வரும். அதனால் அறுப்பு என்றாலே பாளையங்கோட்டைக்குத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் நெல்லை நான் பார்க்க முடியாது. எனக்கு ஆத்திரமாக வரும்.

போன தடவை இழுப்பு வந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு புது ஊசியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். ஊசியும் போட்டார்கள், நான் வழக்கமாகப் போடும் மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டில் ஒன்றில்தான் மருந்து, மற்றது சும்மா. எது என்று எனக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது.

இழுப்பு அடங்கியது. வீட்டில் சர்க்கரை பார்த்தால் ஏறவே இல்லை. அப்படியென்றால் மாத்திரைதான் சும்மா, ஊசிதான் மெய். அதைக் கணவரிடம் சொன்னதுதான் தப்பு.

எங்கள் பக்கத்தில் நல்லது செய்தவர்களுக்கு வெறும் வாயால் நன்றி சொல்வதில்லை. அவர் ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்.

"டாக்டரம்மா, ஊசிதான் நெசம். நாங்க கண்டுபிடிச்சிட்டோம்லா."

டாக்டரம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அண்ணாச்சி, அதை எங்கிட்ட சொல்லப்படாது. தெரிஞ்சா என் கணக்கு ஒரு பக்கமா சாஞ்சிரும். இழுப்பு திரும்பி வருதான்னு பாப்போம், அதுதான் சோதனை."

அன்றிலிருந்து என்னைக் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தது வேறொரு டாக்டர். தார் எங்களோடு வீட்டுக்குத் திரும்பியது.

பிசானப் பட்டத்து நெல் அறுப்பு வந்தது. தங்கச்சி வீட்டுக்குப் போக மாட்டேன் என்று வரப்பில் போய் நின்றேன். மெஷின் தூசியைக் கிளப்பியது. கணவர் மூச்சு மருந்து பம்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் டிரைவர் மூலையில் கதிரை அறுக்காமல் விட்டுவிட்டுத் திரும்பினான். எனக்குப் பொறுக்கவில்லை. அவனையும் அவன் மெஷினையும் அதை அனுப்பிய முதலாளியையும் ஏசித் தீர்த்தேன். முடித்த பிறகுதான் உறைத்தது, நடுவில் எங்கேயும் நான் நிற்கவில்லை.

டிரைவர் மிரண்டுபோய்க் கணவரைப் பார்த்தான். "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லப்படாதா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேசாம இருலே. அவ இன்னும் ஏசட்டும்."