முருங்கைப் பெட்டிக்குள் வேப்பிலை

2024 பிப்ரவரி 13, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்தேன். மயிலாப்பூர்க் குளத்தை இரண்டு சுற்று நடந்து, காபி குடித்து, எட்டேகாலுக்கு ராயப்பேட்டைக் கிடங்குக்குப் போனேன். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து, அக்காவின் கணவரான அத்திம்பேரின் ஏற்றுமதிக் காகிதங்களை நான்தான் பார்க்கிறேன். அன்று அவருடைய முதல் சரக்கு: துபாய்க்கு நாற்பது பெட்டி முருங்கைக்காய். அரசாங்கம் இலவசமாக நடத்திய பயிற்சியில் சேர்ந்து, அவர்களே கூட்டிய வியாபாரிகள் சந்திப்பில் அவர் பிடித்த துபாய் வாடிக்கையாளர். முதல் சரக்கு அங்கே நின்றுபோனால் அடுத்ததைக் கேட்க மாட்டார்.

பதினோரு மணிக்குத் தாவரச் சான்று தரும் அதிகாரி வந்தார். நான்கு பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார். பூச்சி இல்லை.

"சான்றிதழில் முருங்கைக்காய் மட்டும்தான் இருக்கும். வேறு செடியின் இலை ஒன்று இருந்தாலும் அங்கே நிறுத்திவிடுவார்கள்" என்றார். நாற்பதுக்கும் முத்திரை நாடா ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் சான்றிதழ், மாலையில் விமானம்.

மூன்று மணிக்கு அக்கா சுண்டல் கொண்டுவந்தாள்.

"எல்லாம் நல்லபடியாப் போய்ச் சேரும். திருஷ்டி படாம இருக்க ஒரு பெட்டியில வேப்பிலைக் கொத்து வச்சிருக்கேன்."

"எப்போ?" என்றேன்.

"கார்த்தால, நீ வரதுக்கு முன்னாடி."

அத்திம்பேர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எந்தப் பெட்டியிலடீ?"

"எல்லாம் ஒரே மாதிரின்னா இருக்கு. நம்பர் போட்டா வச்சேன்?"

பெட்டி தூக்குபவர் சிரித்தார். "உட்டுடு சார். நாடாவைப் பிரிச்சா ஆபீசர் இன்னொரு தபா வரணும். அவரு வரலைன்னா பிளைட்டு பூடும்."

அவர் சொன்னது சரிதான். அத்திம்பேர் என்னைப் பார்த்தார். "யாருக்குடா தெரியப் போறது?"

"துபாயில தெரியும்" என்றேன்.

அத்திம்பேரே கத்தியை எடுத்தார். அதிகாரி பார்த்த நான்கை ஒதுக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தோம். இருபத்து மூன்றாவதில், காய்களின் மேலடுக்குக்குக் கீழே, வாடிய கொத்து கிடைத்தது. ஒன்றுதான் வைத்தேன் என்று அக்கா சத்தியம் செய்தாள். இருந்தாலும் மீதிப் பெட்டிகளையும் பிரித்துப் பார்த்தோம்; வேறெதிலும் இல்லை. முடிக்க ஐந்தே முக்கால்.

"பகவான் காப்பாத்தினார்" என்றாள் அக்கா.

"நீ சுண்டலோட வந்ததாலதான்" என்றார் அத்திம்பேர்.

மறுநாள் காலை நடக்கப் போகவில்லை. ஏழு மணிக்கு, முதல் வேலையாக, அதிகாரிக்குப் போன் செய்து, முத்திரையை நாங்களே பிரித்ததையும் காரணத்தையும் சொன்னேன். எட்டரைக்கு மறுபடி பார்க்க வருவதாகவும், நாற்பது பெட்டிகளையும் திறந்து வைக்கும்படியும் சொன்னார்.