மிட்டாய் மாதிரி இருக்கும் என்றேன்

கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடைக்காரர் மகள் நான். மருந்து கம்பெனி ஆய்வகத்தில் முப்பது வருடம் எனக்கு ஒரே வேலைதான்: மாத்திரையின் கசப்பை மறைப்பது. ஓய்வு பெற்றதும் ஊருக்கு ஏதாவது செய்ய நினைத்து, இரும்புச்சத்து மாத்திரைகளோடு கல்வராயன் மலை ஏறினேன்.

ரத்தசோகையுள்ள பெண்களுக்குக் காகிதப் பொட்டலங்களில் கொடுத்தேன். அவர்கள் தயங்கியதும், சிவப்பு மாத்திரை ஒன்றை நானே நாக்கில் வைத்துக் காட்டி, "மிட்டாய் மாதிரி இருக்கும்" என்றேன். அதில் எனக்குப் பெருமை வேறு. பக்கத்தில் குழந்தைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கிளம்பும்போது, பொட்டலம் வாங்கிய செல்வியின் நான்கு வயது மகள் கை நீட்டினாள். "இன்னும் மிட்டாய் குடு."

உதடெல்லாம் சிவப்பு. வீட்டில் பொட்டலம் காலியாகக் கிடந்தது.

தாயையும் மகளையும் ஜீப்பில் ஏற்றினேன். மலை இறங்குவதற்குள் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பிறகு சிரித்தபடி அம்மாவின் வளையலை உருட்டத் தொடங்கினாள்.

"எல்லாம் வெளிய வந்துடுச்சி மேடம். நல்லா வெளாடிக்கினு இருக்கா. வூட்டுக்கே திரும்பிடலாங்க" என்றாள் செல்வி.

இரும்புச்சத்து அளவு மீறினால் குழந்தைக்கு விஷம், அந்த விஷத்தில் வாந்திக்குப் பின் வரும் தெளிவை நம்பவே கூடாது என்று படித்தவள் நான். டிரைவரிடம், "இன்னும் வேகமா போங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்து பிழைத்தாள்.

இப்போதும் மலைக்குப் போகிறேன். குழந்தைகளால் திறக்க முடியாத டப்பாவில், தாயின் கையில்தான் கொடுக்கிறேன். இனிப்புப் பூச்சு இல்லாத மாத்திரை. வாயில் போட்டு முகம் சுளிப்பவர்களிடம், "கசக்கட்டும்" என்கிறேன்.