சும்மா வந்த வாஷிங் மெஷின்

எங்கள் ட்ராக்டன் ஊரில் யாராவது புதுச் சட்டை போட்டு வந்தால் "நன்றாக இருக்கிறது" என்று வாயைத் திறக்கக் கூடாது. எந்தக் கடை, என்ன விலை போட்டிருந்தது, அதில் எவ்வளவு குறைத்து வாங்கினார் என்று ஆரம்பித்துவிடுவார். மற்ற ஊர்க்காரர்கள் கொடுத்த பணத்தைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். நாங்கள் கொடுக்காத பணத்தைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள். இந்த ஊரில் போய், மலிவாக வாங்குவது பற்றி வலைப்பூ எழுதி ஒருத்தி பேர் வாங்கினாள் என்றால் லேசான காரியமா? அவள் என் கொழுந்தியாள் ரென்ஸ்கே.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். தள்ளுவண்டியில் பழைய வாஷிங் மெஷின் ஏற்றி விற்க ஆரம்பித்தேன். இன்று சொந்தக் கடை, சொந்தக் கிடங்கு, 'சீபே' என்று பெரிதாக என் பெயர் எழுதிய வேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதை அடிக்கடி சொல்கிறேன் என்று வீட்டில் ஒரு குறை. உண்மையை எத்தனை முறை சொன்னால்தான் என்ன?

ரென்ஸ்கே டவுன் பஸ் ஓட்டுகிறாள். அந்த இருக்கையில் உட்கார்ந்தால் ஊரிலுள்ள தள்ளுபடிப் பலகை எல்லாம் கண்ணில் படும். வேலை முடிந்ததும் அந்தக் கடைக்குப் போவாள், தன் காசில் வாங்குவாள், கொஞ்ச நாள் புழங்குவாள், அதற்கப்புறம்தான் எழுதுவாள்.

"மத்தவங்க கடை நோட்டீஸை அப்படியே எடுத்துப் போட்டுட்டுப் போயிட்டே இருக்காங்க. நீ என்னடான்னா ஒரு வாணலியை வச்சுக்கிட்டு வாரக்கணக்கா முட்டை பொரிக்கிற" என்று கிண்டல் செய்தேன்.

"நோட்டீஸ் அவங்கவங்க வீட்டுக்கே வருது அத்தான். அதை ஒப்பிக்க நான் எதுக்கு?" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய வாஷிங் மெஷின் உயிரை விட்டது. அது என் கடையில் வாங்கியது அல்ல. அவள் புருஷன் டௌவேக்குப் பாலாடைக்கட்டி ஆலையில் வேலை. அவன் உடுப்பைத் துவைக்காமல் விட்டால் பூனைகூட வீட்டுக்குள் வராது. என் கடையில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "சொந்தக்காரர் கடையப் பத்தி நான் எழுதினா எவன் நம்புவான்?" என்று தட்டிக்கழித்தாள். சனிக்கிழமைதோறும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி காபியும் ஒரு பிஸ்கட்டும் கொடுத்து டப்பாவை மூடிவிடுவாள். கூடப்பிறந்த தங்கை என்றாலும் டப்பா டப்பாதான்.

அப்போதுதான் ஒரு பெரிய கடை புத்தம்புது மெஷினை அவள் வீட்டில் சும்மாவே இறக்கியது. தன் காசில் வாங்கியதாக அவள் எழுத வேண்டும், அவ்வளவுதான். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள்: 'இதன் அமைதியைப் பார்த்து என் கணவர் அசந்துபோனார்.'

அக்கம்பக்கத்து ஊர்களில் இவளைப் போல வலைப்பூ எழுதும் இரண்டு பெண்களும் அதே வரியை அப்படியே போட்டிருந்தார்கள். அதில் ஹார்லிங்கன்காரிக்குக் கணவனே கிடையாது.

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதே. எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு" என்றேன்.

"பல்லைப் பிடிச்சுப் பாக்குறதுக்குத்தானே அத்தான் ஜனங்க என்னைப் படிக்கிறாங்க?"

"சரி, டௌவே அசந்தானா இல்லையா?"

"கல்யாணத்தன்னிக்கே அவர் அசரல. இதுக்கா அசரப்போறார்?"

மெஷின் வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இல்லாமல் இல்லை. மூட்டை தூக்கித் தூக்கி அவள் தோள் இறங்கிப்போயிருந்தது. ஆனாலும் சில வாரம் துவைத்துப் பார்த்துவிட்டு இப்படி எழுதினாள்: 'இது எனக்குச் சும்மா வந்தது. காசு கொடுத்து வாங்கியதாக எழுதச் சொன்னார்கள். சும்மா வந்த விலைக்கு நல்ல மெஷின். கடை விலைக்கு வேண்டாம். பிழியும்போது அடுப்படியிலிருந்து கூடத்துக்கு நடந்தே வருகிறது. என் கணவர் அசரவில்லை. நகர்ந்து வழி விட்டார்.'

எழுதிய வேகத்தில் ஊரே படித்தது. அந்த வேகத்திலேயே கடைக்காரர்களும் மெஷினைத் திரும்பக் கொண்டுபோக வேன் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஆனால் உள்ளே டௌவேயின் உடுப்பு சுழன்றுகொண்டிருந்தது. துவைத்து முடியும் வரை கதவு திறக்காது. வந்த ஆட்களை உட்காரவைத்துக் காபியும் ஆளுக்கொரு பிஸ்கட்டும் கொடுத்தாள். பிழிகிற கட்டம் வந்ததும் மெஷின் தானாகவே அவர்களை நோக்கி நடந்தது.

"பாத்தீங்களா? பாதி தூரம் அதுவே வந்துடுச்சு, உங்களுக்குத் தூக்குற வேலை மிச்சம்" என்றாள். ஈரத் துணியை வாளியில் எடுத்துக்கொண்டு மெஷினை அனுப்பிவைத்தாள்.

மறுநாள் என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"சும்மாவே எடுத்துக்கோம்மா. நான் என்ன இல்லாதவனா?" என்றேன்.

"ஐயையோ, மறுபடியும் சும்மாவா? விலையைச் சொல்லுங்க அத்தான்."

சொன்னேன். பேரம் பேசினாள். நான் குறைத்தேன்; இன்னும் பேசினாள். சும்மா கொடுத்திருந்தால்கூட எனக்கு இத்தனை வலித்திருக்காது. கடைசியில் எண்ணிக் கொடுத்து எடுத்துப்போனாள். கொஞ்ச நாள் கழித்து அவள் எழுதியது இது: 'பழைய மெஷின்தான், ஆனால் வைத்த இடத்தில் நிற்கிறது. விலை நியாயம். விற்றவர் தன் தள்ளுவண்டிக் கதையைச் சொல்வார். அவசர வேலை இருக்கிறவர்கள் போக வேண்டாம். அவர் என் அக்கா புருஷன். அதனால் நான் எழுதியதில் பாதியை மட்டும் நம்புங்கள்.'

அன்றிலிருந்து என் கடையில் கூட்டம். ஏச்சையும் சேர்த்து எழுதியதால்தான் பாராட்டை நம்பினோம் என்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் மெஷினை வாங்குகிறார்கள். தள்ளுவண்டிக் கதையை ஆரம்பித்தால் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். எந்தப் பாதியை நம்ப வேண்டும் என்று அவள் எழுதவே இல்லையே.