வாசலில் வந்த மண்

1937 ஜூலை 12, திங்கட்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். ஏழுக்குள் சமையலை முடித்துவிட்டு, எட்டரைக்குச் சோழவந்தானில் நான் வேலை பார்த்த ஆரம்பப் பள்ளிக்குப் போய் வகுப்பறையைப் பெருக்கினேன். சிசு வகுப்பு என்னுடையது. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் பதினாறு பேர். இதெல்லாம் என் டைரியில் இருக்கிறது.

திங்களும் வியாழனும் பத்தரை மணிக்கு மண் வேலை. சிலேட்டுக் குச்சியைப் பிடிக்குமுன் விரல்களுக்குப் பிசையவும் உருட்டவும் தெரிய வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் படித்து வந்தவள் நான். பானை செய்யும் வேளார் வீட்டு அம்மாள் ஒருவர் பதமான களிமண்ணைக் கூடையில் கொண்டுவந்து பள்ளி வாசலில் வைத்துவிட்டுப் போவார். நான் அதை எடுத்து உருண்டை பிடித்து ஆளுக்கொரு பலகையில் வைப்பேன்.

அன்று ஒரு சிறுமி மாடு செய்துகொண்டிருந்தாள். மூன்று கால் வந்துவிட்டது. நான்காவதற்கு உருட்டும்போது அவள் அப்பா உள்ளே வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர், ஊரில் பெரிய ஆள்.

"என்ன டீச்சரம்மா, எம் மகளச் சட்டி பானை செய்யப் பழக்குறீகளா?"

"மாடு செய்யுதுங்க. உங்க கொடிக்கால்ல நீங்க மிதிக்காத மண்ணா?"

"அது வெவசாயம். இது வேளார் வேலை."

"அவுக செஞ்ச பானையிலதான உங்க வீட்டுல சோறு பொங்குது?"

"பானைய வாங்குறது வேற, பண்றது வேற" என்று சிரித்தார். பிறகு, "நீங்க மட்டும் என்னைக்காச்சும் அவுக தெருவுல கால் வச்சிருக்கீகளா? வாசல்ல கொண்டாந்து வச்சாத்தான எடுக்குறீக" என்றார். மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று கால் மாடு பலகையில் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் ஈரத்துணி போட்டு வைத்தேன்.

பிற்பகல் தலைமை ஆசிரியர் ஒரு தாளை நீட்டினார். இனி மண் வேலை நடத்துவதில்லை என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"பெரிய எடத்துப் பொல்லாப்பு நமக்கெதுக்கும்மா? அவரு ஒரு சொல் சொன்னா அம்புட்டுப் பிள்ளைகளும் நின்னுரும்."

என்னை வேலையை விட்டு எடுப்பதானால் எடுத்துக்கொள்ளுங்கள், என் கையால் இதை எழுத மாட்டேன் என்றேன். கால அட்டவணையில் செவ்வாய்க்கு மண் வேலை கிடையாது. அட்டவணையை மீறுகிற பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் அவர் எதிரிலேயே பாடக் குறிப்பில் எழுதினேன்: 'நாளை, முதல் பாடம், மண் வேலை.'

கொடிக்கால்காரரின் கடைசிப் பேச்சு மட்டும் என்னோடு வீடுவரை வந்தது. விளக்கேற்றுமுன் டைரியைப் புரட்டினேன். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மண் வேலை நாளிலும் ஒரே வரி: 'மண் வாசலில் வந்தது.' என் எழுத்துதான். அந்த அம்மாளை ஒரு நாளும் உள்ளே வாருங்கள் என்று நான் சொன்னதில்லை.

சிறுமி ஐந்தாம் நாள்தான் மீண்டும் பள்ளிக்கு வந்தாள். அப்பாவே கொண்டுவந்து விட்டார். "கைய மட்டும் நல்லாக் கழுவி விடுங்க" என்றார். அவள் நேரே பலகைக்குப் போய் நான்காவது காலை ஒட்டினாள். தலைமை ஆசிரியரின் தாள் கையெழுத்தில்லாமலே கிடந்தது. எதிரே நிற்பவரிடம் வாதாடுவது எனக்குச் சுலபமாக வந்தது. வேளார் தெருவுக்கு அரை மைல் நடக்க, ஒருவர் என்னைக் குத்திக் காட்ட வேண்டியிருந்தது. அந்த வெட்கத்தை இன்றும் நான் மறக்க விரும்பவில்லை.

டைரியைப் புரட்டியதற்கு மறுநாள், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, முதல் வேலையாக வேளார் தெருவுக்குப் போயிருந்தேன். "ஏன் டீச்சர், ஒரு வார்த்தை சொல்லி விட்டா நான் கொண்டார மாட்டனா?" என்றார் அந்த அம்மாள். இனி நான்தான் வருவேன் என்று சொல்லி, அவர் தந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டேன். ஆற்றோரப் பாதையில் போனால் பள்ளி பக்கம்தான். நான் கடைத்தெரு வழியாக, கொடிக்கால்காரர் வீட்டு வாசலைக் கடந்து போய், வராத சிறுமியின் பலகையையும் சேர்த்துப் பதினாறு பலகையிலும் உருண்டை வைத்தேன்.