அடுப்படிப் படம்

மிஷனெரி ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம், கோவில்பட்டியில் எங்கள் சபைச் செயலாளர் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மறுநாள் திரையில் எந்தெந்தப் படங்களைக் காட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் என் கணவரும் ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஊழியம் செய்கிறோம். எங்களைத் தாங்குவது இந்தச் சபைதான். அம்மாவைப் பார்க்க நான் மட்டும் ஊருக்கு வந்திருந்தேன். வந்த மிஷனெரியைச் சபை சும்மா விடுமா? சாட்சி சொல்ல வேண்டும், படம் காட்ட வேண்டும்.

அண்ணாச்சி ஒரு படத்தில் நின்றார். செயலாளரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

"இந்தம்மா யாரு?"

"எங்க பக்கத்து வீட்டு அக்கா, அண்ணாச்சி. டீச்சர். நாங்க அங்க போன புதுசுல மூணு மாசம் இவிய வீட்லதான் இருந்தோம்."

அந்தப் படத்துக்காக அக்கா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்றதும், "உங்கள் சபையாருக்கு என்னைக் காட்டுவாய்தானே?" என்று கேட்டார். பாடகர் குழுவின் நீலச் சீருடையைத் தேய்த்து உடுத்தி, தகரக் கூரை போட்ட தன் செங்கல் வீட்டின் முன்னால் கணவரையும் பிள்ளைகளையும் நிறுத்தி, குறுக்கே வந்த கோழியை விரட்டிவிட்டு, சிரித்து ஒன்றும் சிரிக்காமல் ஒன்றுமாக எடுக்கச் சொன்னார். கட்டாயம் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

"நம்மளைவிட நல்லா இருக்காவளேம்மா" என்றார் அண்ணாச்சி. "இதப் போட்டா, இவியளுக்கா நாம ஊழியக்காரரை அனுப்பி வச்சிருக்கோம்னு கேப்பாங்க. கொஞ்சம் மனசு உருகுத மாதிரி ஒண்ணும் இல்லியா?"

இருந்தது. அதே அக்காவின் அடுப்படி. அந்த ஊரில் வீடு தனி, அடுப்படி தனி. புகை வீட்டுக்குள் வரக்கூடாது என்று பின்பக்கத்தில் புல் வேய்ந்து சின்னக் குடிசையாகப் போட்டிருப்பார்கள். படத்தில் அதன் வாசலில் அக்கா வேலைத்துணியோடு குனிந்து மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தார். கண்ணில் புகை பட்டு முகம் சுருங்கியிருந்தது. கை போன போக்கில் நான் எடுத்த படம்.

"இது படம்" என்றார் அண்ணாச்சி.

அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிற மனிதர். அவர் சொன்னதால்தான் தலையாட்டினேன் என்றால் அது சுத்தப் பொய். எனக்கும் உள்ளூர அந்தப் படம் பிடித்திருந்தது. அந்தப் புகைக்குள் போய்க் கிடக்கிறவள் நான் என்று நாலு பேர் நினைத்தால் கசக்கவா செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் பெண்கள். பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள். தினமும் உலை வைக்கும்போது எங்களை நினைத்து ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று எடுத்துத் தனியாக வைக்கிறவர்கள். அவர்கள் முன்னால் திரையில் அந்தப் புகை எழும்பியது. "இதுதான் இந்த அக்காவோட வீடு" என்றேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. வாய்க்குள் தயாராக இருந்த மாதிரி வந்துவிட்டது. நிறுத்தித் திருத்தியிருக்கலாம். அதற்குள் முதல் வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர். காமிரா பிடித்தவர் அவர்கள் பக்கம் திருப்பி நன்றாகக் காட்டினார். ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. என் குரலும் தழுதழுத்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்த நேரலை லிங்க்கை முந்தின நாளே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு வைத்தவளும் நான்தான். நான் பேசப் போகிற பெருமை.

மத்தியானம் அம்மா வீட்டில் சாப்பிட்டு எழுந்தபோது அக்காவிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அதே நீலச் சீருடையில் இருந்தார். இங்கே காலை ஆராதனை என்றால் அங்கே விடிந்தும் விடியாத நேரம். தன் படம் இந்தியாவில் வரப்போகிறது என்று சொந்தக்காரர்களையெல்லாம் எழுப்பி உட்காரவைத்து, ஒரு போனைச் சுற்றி எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அக்காவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. தன் அடுப்படி தெரியாதா?

"என் அடுப்படியைக் காட்டினாய். உங்கள் பெண்கள் ஏன் அழுதார்கள்?" என்று தன் பாஷையில் கேட்டார். "எங்கள் ஊரில் ஒரு வீட்டைப் பார்த்து அழுதால் அங்கே சாவு என்று அர்த்தம். வந்தவர்களெல்லாம் என்னைக் கேட்கிறார்கள்."

அன்பினால் அழுதார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"அதுதான் உங்கள் வீடு என்று சொல்லிவிட்டேன், அக்கா" என்றேன், அவர் பாஷையிலேயே.

அவருக்குப் பின்னால் யாரோ, என்னவாம் என்று கேட்டார்கள். அவர் திரும்பவில்லை.

"மூன்று மாதம் என் வீட்டில் இருந்தாயே. அப்போது நீயும் எங்களைப் பார்த்து அழுதாயா?"

"இல்லை, அக்கா."

அழவில்லை. அந்த அடுப்படியில் எனக்குக் களி கட்டி தட்டிப்போய், அகப்பையைத் தூக்கினால் சட்டியும் சேர்ந்து வந்ததைப் பார்த்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அதைச் சபையில் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரி. உன் அம்மா வீட்டு அடுப்படியை ஒரு படம் எடுத்து அனுப்பு. அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் காட்டுகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். கேலியா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அடுத்த வாரம் ஒரு நிமிஷம் கொடுங்கள், சொன்னதைத் திருத்த வேண்டும் என்றேன்.

"விடுங்கம்மா" என்றார். "மனசு வந்து அழுத சனத்துகிட்டப் போயி, அழுதது தப்புன்னா சொல்லப் போறிய?"

இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். தண்ணீர் வராத நாட்களுக்காக நிரப்பி வைத்த பிளாஸ்டிக் குடங்கள் காலை வைக்க இடமில்லாமல் தரையை அடைத்திருந்தன. கரிசல் மண்ணில் நிற்கிற வீடு, கோடைக்குக் கோடை சுவர் வெடிக்கும். கேஸ் அடுப்புக்குப் பின்னால் சிமென்ட் பூசி மறுபடியும் விட்டுப்போன வெடிப்பு, எண்ணெய்ப் பிசுக்கேறி நீளமாகத் தெரிந்தது. போனைக் கீழே வைத்தேன். குடங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்வாசலில் கொண்டுபோய் வைத்தேன். அடுப்பைத் தேய்த்தேன். வெடிப்பின் மேல் ஒரு காலண்டரை மாட்டினேன்.

அம்மா எழுந்து வந்து பார்த்தாள். "ஏட்டி, குடத்தையெல்லாம் எங்க கொண்டு போற? யாரும் வாராவளா?"

"ஆமாம்மா, ஆளு வாராவ" என்றேன்.

என் அம்மாவின் அடுப்படியைப் பார்த்து முன்பின் தெரியாத பெண்கள் ஐயோ பாவம் என்று கண்ணைத் துடைப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஏழெட்டுப் படம் எடுத்தேன். அதில் இருப்பதிலேயே பளிச்சென்று இருந்த ஒன்றைப் பொறுக்கி, அக்காவுக்கு அனுப்பினேன்.