சத்தியமங்கலம் போய் வந்த தார்ப்பாய்

துடியலூரில் ஒரு நிவாரணத் தொண்டு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. அலுவலகத்துக்கு நேர் எதிரே ஒரு தார்ப்பாய்க் கடை. மழைக்காலத்தில் அவசரம் என்றால் ஜன்னலில் நின்று கையைக் காட்டுவேன். கடைக்காரர் தார்ப்பாய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்துவிடுவார்.

பிறகு தலைமை அலுவலகம் கொள்முதல் எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றியது. யாரிடமும் நேரில் கேட்கக் கூடாது. விலை கணினியில் வரவேண்டும், ஆளையும் கணினியே தேர்ந்தெடுக்கும். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த வருடம் வால்பாறையில் பேய்மழை. தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் கூரைகள் பிய்த்துக்கொண்டு போயின. தார்ப்பாய்க்கு டெண்டர் போட்டேன். எதிர்க்கடைக்காரரும் பதிவு செய்யப் பார்த்தார். கடைப் பெயரில் இருந்த புள்ளியைக் கணினி ஏற்கவில்லை. புள்ளியை எடுத்தால், வரிப் பதிவில் உள்ள பெயர் வேறு என்றது.

“ஏனுங்க அம்மணி, தெனமும் ஜன்னல்ல இருந்து பாக்கறீங்க. நான் இருக்கறனா, இல்லீங்களா?”

“இருக்கறீங்கண்ணா. சிஸ்டத்துலதான் இல்லீங்க.”

பல நாள் காத்திருந்த பிறகு டெண்டர் சத்தியமங்கலத்து வியாபாரி ஒருவருக்குப் போனது. மறுநாள் காலை பார்த்தால், எதிர்க்கடை வாசலில் லாரி. தார்ப்பாய் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் டிரைவரிடம் விசாரித்தேன். அந்த வியாபாரியிடம் சரக்கே கிடையாது; இங்கேதான் வாங்குகிறாராம்.

“அப்ப எங்க கேட்டுலயே எறக்கிப்போட்டுப் போயிரலாமில்லீங்க?”

“எனக்கும் அதே ஆசைதானுங்க. சத்தியமங்கலத்துல அவரு கடை முன்னால வண்டி நிக்கற போட்டோ போனாத்தான் உங்க கம்ப்யூட்டர் ஒத்துக்குமாமுங்க.”

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். விதிவிலக்கு கேட்கலாம், ஆனால் அதற்கு முதலில் இந்த டெண்டரை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். அதற்கு இன்னும் பல நாளாகும்; போனை வைத்துவிட்டேன். லாரி சத்தியமங்கலம் போய், படம் எடுத்துக்கொண்டு, சாயங்காலம் எங்கள் கேட்டுக்கே திரும்பி வந்தது. சரக்கை இறக்க ஆள் போதாமல் எதிர்க்கடைக்காரரே வந்து தோள் கொடுத்தார்.

ஆர்டர் உறுதியானதிலிருந்துதான் கணினி நேரத்தைக் கணக்கிடும். அதற்கு முன் நாங்கள் காத்துக் கிடந்தது அதற்குத் தெரியாது. ஆகவே திரையில் எங்கள் கிளைக்கு வேகத்தில் முதலிடம், பளிச்சென்று பச்சை. மேலதிகாரி போன் செய்து பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

அடுத்த நாள் தார்ப்பாய்களோடு மலையேறினோம். லைன் வீடுகளின் கூரைமேல் ஏற்கெனவே பழைய ஃபிளெக்ஸ் பேனர்கள். கல்யாண மாப்பிள்ளைகளும் கட்சிக்காரர்களும் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி நனைந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “லேட்டாயிருச்சுங்க,” என்றேன்.

தேயிலைக் கூடையை இறக்கி வைத்த ஒரு அம்மா கோபப்படவே இல்லை. “நீங்க பெரிய ஆபீஸ்னு சொன்னாங்க. எப்படியும் லேட்டாகும்னு நாங்களே கட்டிட்டோம்மா. மேக்கால மூலை மட்டும் ஒழுகுது, வாங்க.”

மறுபடி மழை பிடித்தது. அவர் கூரைமேல் ஏறினார். நான் கீழே நின்று கயிற்றை இழுத்துப் பிடித்தேன்.