நாற்பது பேர் பட்டாளமும் ஒரு குதிரையும்

என் வீட்டுக்காரர் பல் செட் கட்டுகிறவர். வாயைத் திறக்கச் சொல்லி அச்சு எடுப்பதிலிருந்து மாட்டிவிடுவது வரை எல்லாம் அவர் கைதான். மிச்சம் விழுகிற, காய்ந்தால் இறுகிவிடும் பசையை வீணாக்க மனசு வராமல் விரல் உயரச் சிப்பாய்களாக வார்த்து, மெல்லிய பிரஷ்ஷால் மீசை வரைக்கும் வரைந்துவிடுவார். அந்தப் பட்டாளம் எங்கள் சாப்பாட்டு மேஜையைப் பிடித்து வருஷக்கணக்காகிறது. நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமையானால் என் தம்பி வந்துவிடுவான். ஓட்டுவது பஸ், வாய் மட்டும் விமானம். இருவரும் பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். இவர் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. பாவம் பார்த்து அன்று தம்பி இவருக்கு நாற்பது பேரைக் கொடுத்து, தான் பத்துப் பேரை வைத்துக்கொண்டான். ஆறாவது சுற்று முடியும்போது மேஜை நடுவிலுள்ள பாலத்தில் தம்பியின் ஆள் ஒருத்தன் நின்றாலும் தம்பிக்கு ஜெயம். பாலம் காலியானால் இவருக்கு. மோதலில் பகடை சமமாக விழுந்தால் இரண்டு பேருமே காலி.

"இதுலயும் தோத்தீங்கன்னா பட்டாளம் பூரா எனக்கு அத்தான்!"

இவரும் ரோஷத்தில் தலையாட்டிவிட்டார். மேஜை திரும்பக் கிடைக்கப்போகிறதென்று எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

ஆனால் மனுஷர் ஆளை அனுப்பினால்தானே!

"இவரை எப்படி அனுப்புறது? தபால்காரர். போன மாசந்தான் மேல்செட்டு மாட்டினார், இன்னும் சரியா மெல்லக்கூட வரல."

அடக் கடவுளே! முக்கால்வாசிச் சிப்பாய்க்கு அவரிடம் பல் கட்டியவர்கள் முகம். முகம் வரையாத சிலரை மட்டும் அனுப்பினார். அவர்கள் தம்பியின் ஆட்களைச் சாய்த்துத் தாங்களும் சாய்ந்தார்கள். கடைசிச் சுற்றில் பாலத்தின்மேல் தம்பிக்கு ஒரே ஒருத்தன். இவர் பக்கத்தில் அவ்வளவு தூரம் போகக்கூடியது ஒரு குதிரைதான். அதை இவர் தொடவே இல்லை.

குனிந்து பார்த்தேன். குதிரைமேல் ஒரு பொம்பளை. மூக்கோரம் மச்சம், இடுப்பில் கை.

"ஏங்க, இது யாரு?"

"நீதான்."

"அப்ப ஏன் அனுப்பல?"

"அடி பட்டுரும்."

எனக்கு வந்ததே கோபம். "வீட்டுல எல்லாத்துக்கும் நான்தான் முன்னால நிக்கிறேன். இங்க மட்டும் பொத்தி வைக்கிறீங்களாக்கும்? தள்ளுங்க!"

குதிரையைப் பாலத்தில் ஏற்றிப் பகடையை உருட்டினேன். நாலு. தம்பியும் உருட்டினான். அவனுக்கும் நாலு. இரண்டு பேரும் சாய்ந்தோம். பாலம் காலி.

"போச்சுடா! அக்கா, நீ யாரு பக்கம்?" என்று தம்பி தலையில் கைவைத்தான். மேஜையும் போச்சு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதல் தடவை ஜெயித்தவர் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். அவரோ விழுந்து கிடந்த என்னை எடுத்து, ஊதித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடி பட்டுச்சா?"

பொம்மையைத்தான் கேட்டார். கதவிடுக்கில் என் விரல் நசுங்கிய அன்றைக்குக்கூட, "காபி ஆச்சா?" என்று கேட்ட மனுஷர்.

"ஒண்ணும் ஆகல," என்று நான்தான் பதில் சொன்னேன்.